நாலு கரண்டி நீலம்

இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைச் சட்டைகள் இருந்திருக்க வேண்டும். பதினைந்தும் நீலமாக இருந்தன.

லேசான நீலம் என்று சொல்லித் தப்ப முடியாது. மழை விட்ட பிறகு ஆக்லாந்தின் மனுக்காவ் கடலில் தெரியுமே, அந்த நீலம். ஈரத் துணியின் வெக்கை முகத்தில் அடித்தது. கதவை மூடிவிட்டுப் பத்து வரை எண்ணினேன். மறுபடியும் திறந்தேன். நீலம்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரணியின் நிறமும் நீலம்.

டோனலின் லாண்டரி

ஆக்லாந்துக்கு வந்து, லின்ஃபீல்டில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு இருந்த வீட்டையும் அதன் ஒழுகும் கூரையையும் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். ஆண்டு சரியாக ஞாபகம் இல்லை. காலையில் போகும்போது கை விறைக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அது ஒரு சின்ன லாண்டரி. கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருந்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் முதியோர் இல்லங்களின் துவாய்களும் மூட்டை மூட்டையாக வரும். வேலை செய்தது நானும் வசந்தாக்காவும். வசந்தாக்கா திருச்சிக்காரர். நான் யாழ்ப்பாணம். முதல் ஒரு மாதம் அவர் பேசுவது எனக்கும் நான் கதைப்பது அவருக்கும் பாதிதான் விளங்கியது. மீதியைச் சிரித்துச் சமாளித்தோம்.

முதலாளி டோனல் அயர்லாந்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். கதவை நிறைக்கும் தோள். இடது கைச் சின்ன விரல் கொக்கிபோல வளைந்திருக்கும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லமாட்டேன். ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். வாசிப்பேன், எழுதுவேன். வாய் திறப்பதுதான் பாடு. ஒரு வசனத்தை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். டோனலிடம் அந்தத் தொல்லை இல்லை. அவரே பேசுவார். விரிப்பின் இரண்டு முனையை அவர் பிடிப்பார், இரண்டு முனையை நான் பிடிப்பேன். மடித்து மடித்து நடுவில் வந்து சேர்வதற்குள் ஒரு கதை முடிந்துவிடும்.

எல்லாம் ஹர்லிங் கதைகள்.

கிட்டிப்புள்ளும் இல்லை, ஹாக்கியும் இல்லை

ஹர்லிங் என்பது அயர்லாந்தின் விளையாட்டு. அடியில் அகன்ற ஒரு மரமட்டை. டென்னிஸ் பந்தளவில் ஒரு தோல் பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், தலைக்கு மேலே பறக்கும்போதும் அடிக்கலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்குக் கீழே போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது கிட்டிப்புள்போலத் தெரிந்தது. ஆனால் இருபத்துச் சொச்சம் பேர் ஒரே கிட்டிக்காக ஓடி வந்தால் எப்படி இருக்கும்? டோனலின் சின்ன விரல் ஏன் வளைந்தது என்று அன்று விளங்கியது.

டோனலின் ஊர் பாலிகோரன். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, நிறைய மாடுகள், ஒரு ஹர்லிங் கழகம். அந்தக் கழகத்தில் விளையாடிய நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஆக்லாந்துக்கு வந்துவிட்டார்கள். இங்கே கிடைத்த மற்ற அயர்லாந்துக்காரர்களையும் சேர்த்து, ஊரின் பெயரிலேயே ஓர் அணி வைத்தார்கள். முழு அணிக்குப் பதினைந்து பேர் வேண்டும். இங்கே பதின்மூன்று பேரைச் சேர்ப்பதே பெரும் பாடு. ஆகவே பக்கத்துக்குப் பதின்மூன்று என்று எல்லா அணிகளும் பேசி வைத்திருந்தன.

மாவுச் சாக்கும் கோழி படுத்த கிண்ணமும்

பாலிகோரன் கழகத்தின் முதல் ஆட்டக் கதையை டோனல் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது.

சட்டை வாங்க வழியில்லை. ஆலைக்காரர் வெறும் மாவுச் சாக்குகளைக் கொடுத்தார். ஊர்ப் பெண்கள் தலைக்கு ஓர் ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை வெட்டித் தைத்தார்கள். முதுகில் ஆலையின் பெயர் அப்படியே இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. சாக்கில் ஒட்டியிருந்த மாவு குழைந்து, ஒவ்வொருவர் முதுகிலும் பிசைந்த மாவாகி வழிந்தது.

“எதிரூர்க்காரன் சும்மா இருப்பானா?” என்பார் டோனல். “‘இவர்களை அடுப்பில் வையுங்கள், ரொட்டியாவது கிடைக்கும்’ என்று கத்தினான். பத்தொன்பது புள்ளியில் தோற்றோம்.”

சாக்கு வெள்ளை என்பதால் கழகத்தின் நிறம் வெள்ளையாயிற்று. பின்னர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பச்சைப் பட்டை சேர்ந்தது.

அங்கே ஓர் இளம் பாதிரியாரும் விளையாடியிருக்கிறார். பாதிரிமார் விளையாடக் கூடாது என்று சட்டம். ஆகவே பொய்ப் பெயரில் விளையாடினாராம். ஒருநாள் பந்து நெற்றியில் பட்டு விழுந்தவர், நினைவு திரும்பியதும் முதல் வேலையாகச் சுற்றி நின்றவர்களுக்கு ஆசீர்வாதம் வழங்கிவிட்டாராம். அதோடு பெயர் அம்பலம்.

டோனலின் காலத்தில் கழகம் ஒரே ஒரு கிண்ணத்தை வென்றது. அந்தக் கிண்ணம் வீடு வீடாகப் போயிற்று. கடைசியில் எந்த வீட்டில் தங்கியது என்பது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கோழிக்கூட்டில் கிடைத்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“குஞ்சு பொரிக்கும்வரை எடுக்க விடவில்லை. அதன்பிறகு நாங்கள் எதையும் வெல்லவும் இல்லை” என்பார்.

பெட்டியில் வந்த சட்டைகள்

அந்தக் கிண்ணத்தை வென்ற வருடம் போட்ட பதினைந்து சட்டைகளையும் ஊரில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். கடல் கடந்தும் தங்கள் பெயரில் ஓர் அணி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவற்றை ஆக்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கனத்த பருத்தித் துணி. பெட்டியைத் திறந்தபோது பூச்சி உருண்டை வாசனை வந்தது. டோனல் தான் அன்று போட்டிருந்த ஆறாம் இலக்கத்தை எடுத்து மடியில் வைத்து, வளைந்த விரலால் பச்சைப் பட்டையைத் தடவினார்.

வசந்தாக்கா, “இதையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டணும் சார்” என்றார்.

“விளையாடாத சட்டை சட்டையே இல்லை” என்றார் டோனல்.

அந்தப் பருவம் முழுவதும் விளையாடினார்கள். ஆக்லாந்துச் சேறு உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே மஞ்சள் பூத்திருந்த சட்டைகள் சேறும் பட்டு, தேநீர் வடித்த துணிபோல ஆகிவிட்டன. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை டோனல் மூட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“ராணி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொஞ்சம் வெள்ளையாக வந்தால் நல்லது.”

கொஞ்சம் என்றுதான் அவர் சொன்னார். தவறு முழுக்க என்னுடையது.

கணக்கு

ஊரில் எங்கள் வீட்டில் வெள்ளை உடுப்பை வெறும் சவர்க்காரத்தோடு விடமாட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டை, ஐயாவின் வேட்டி எல்லாவற்றையும் கடைசித் தண்ணீரில் நீலம் கலந்து முக்கி எடுப்போம். எங்களுடையது தூள் நீலம். ஒரு வாளிக்கு ஒரு சின்னக் கரண்டி. காயும்போது கண் கூசும் வெள்ளை வரும்.

வசந்தாக்கா இந்தியாவுக்குப் போய் வந்தபோது எனக்கும் ஒரு சின்னப் போத்தல் நீலம் கொண்டுவந்து தந்திருந்தார். அது தண்ணி நீலம். அப்படி ஒன்றை நான் பாவித்ததில்லை. எவ்வளவு விடுவது என்று கேட்க நினைத்தேன். கேட்டால், ஒரு வேட்டி தோய்க்கத் தெரியாதவள் என்று நினைப்பாரோ? கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வசந்தாக்கா வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். இயந்திரம் நாலு வாளித் தண்ணீர் பிடிக்கும். ஆகவே நாலு கரண்டி. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

வசந்தாக்கா வந்து இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய கைப்பை தோளிலிருந்து நழுவியது.

“அடிப்பாவி! என்னம்மா பண்ணி வச்சிருக்க? எவ்வளவு ஊத்தின?”

“நாலு கரண்டி அக்கா.”

“கரண்டியா? அது சொட்டுக் கணக்கும்மா! ஒரு வாளிக்கு நாலு சொட்டு!”

மூன்று தரம் அலசினோம். கடல் நீலம் வான நீலமாயிற்று. அதற்குமேல் இறங்கவில்லை.

“ப்ளீச்ல போட்டுடு. அரை மணி நேரம். ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் வசந்தாக்கா.

“பச்சைப் பட்டை?”

அவர் சட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு சட்டையின் உள்மடிப்பில் பச்சைத் துணியின் ஓரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளி ப்ளீச் தொட்டு வைத்தோம். ஒரு நிமிடத்தில் அது வைக்கோல் நிறமாயிற்று.

ப்ளீச் போத்தலை மூடி வைத்தேன். இனி வாய் திறந்துதான் ஆகவேண்டும்.

ஒரு வசனம்

டோனல் மத்தியானம் வந்தார். கூடவே அணித்தலைவர் பிரெண்டன். கூரை வேலை செய்கிற, சிவந்த தலைமயிர்க்கார இளைஞர். நான் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“டோனல், உங்கள் சட்டைகளை நான் நீலமாக்கிவிட்டேன், வசந்தாவுக்கு இதில் சம்பந்தமில்லை, பிழை என்னுடையது.”

அவர் ஆறாம் இலக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எதற்காக?” என்றார்.

“வெள்ளையாக்க.”

பிரெண்டன் விரிப்புக் கூடையின் மேல் உட்கார்ந்தே விட்டார். “வெள்ளையாக்க நீலம் போட்டாளாம்! ஐயோ, என் கடவுளே!”

டோனல் சிரிக்கவில்லை. “நீ சும்மா இரு. என் அம்மாவும் போடுவாள். சின்னத் துணிப் பொட்டலம். கடைசித் தண்ணீரில் ஒரு முக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எவ்வளவு போட்டாய்?” என்று கேட்டார்.

“நாலு கரண்டி.”

“கரண்டி!” அப்போதுதான் சிரித்தார். தோள் இரண்டும் குலுங்கின. ஆனால் சட்டையைப் பார்த்ததும் முகம் மெல்ல மாறியது. “ஊருக்கு என்ன எழுதுவேன்?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

பிரெண்டனும் சிரிப்பை நிறுத்தினார். “ஊர் கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை என்ன போடுவது? இரண்டு பக்கமும் நீலம் என்றால் நடுவர் விடமாட்டார். கடையில் வெள்ளை டீ சட்டை வாங்குவோம்.”

“பட்டை இல்லாமல் பாலிகோரன் இல்லை. அதற்கு ஆடாமலே இருக்கலாம்.”

“ஆடாவிட்டால் கிண்ணம் அவர்களுக்குத்தானே!”

“போகட்டும்.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மூலையில் ஒரு சாக்கு இருந்தது. ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட பழைய விரிப்புகள். துடைக்கும் துணிக்காகக் கிழித்துக்கொள்ளச் சொல்லி எங்களிடமே விட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை.

“மாவுச் சாக்கு” என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

“அங்கே மாவுச் சாக்கு. இங்கே விரிப்பு. நான் தைப்பேன்.”

பதின்மூன்று தலை

சனிக்கிழமை எங்கள் வரவேற்பறையில் நடக்க இடமில்லை. நான் தையல் மெஷினில் இருந்தேன். வசந்தாக்கா தரையில் உட்கார்ந்து ஊசி நூலோடு இருந்தார். என் கணவரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்திருந்தேன்.

“தலை ஓட்டை எவ்வளவு வெட்டுறது?” என்று கேட்டார் இவர்.

“உங்கட தலைக்கு அளவு பாருங்கோ.”

“என்ர தலை சின்னத் தலையப்பா. அவங்கள் மாடுமாதிரி ஆக்கள்.”

“அப்ப ரெண்டு விரல் கூட்டி வெட்டுங்கோ.”

பிரெண்டனின் சட்டைக்கு அளவு பார்க்க, இவர் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார். வசந்தாக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “தலையணை எதுக்குங்க? அப்படியே சரியாத்தானே இருக்கு?” என்றார். இவர் அன்று முழுக்க வசந்தாக்காவோடு கதைக்கவில்லை.

பச்சைத் துணிக்கு எங்கே போவது? என்னிடம் ஒரு பருத்திச் சேலை இருந்தது. கிளிப்பச்சை. கரையில் மாங்காய் வரிசை. இரண்டு தரம்தான் உடுத்தியிருப்பேன்.

“ஏய், நல்ல சேலைம்மா!” என்றார் வசந்தாக்கா.

“நாலு கரண்டிக்கு ஒரு சேலை, அக்கா” என்றேன்.

விரிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் ஹோட்டலின் பெயர் கறுப்பு மையில் குத்தியிருந்தது. எப்படி வெட்டினாலும் அது எங்கேயாவது வந்து நின்றது. சிலருக்கு முதுகில். சிலருக்கு வயிற்றில்.

அறை எண் என்ன?

ஆட்டம் நகரத்தின் மேற்கு ஓரத்தில், வெஸ்ட்கேட் பக்கம். அங்கே கடைகள் எழும்பத் தொடங்கியிருந்த காலம். திடலைச் சுற்றிப் புல்வெளிதான். ரக்பி கம்பங்களில் மீன்பிடி வலையைக் கட்டிக் கோலாக்கியிருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் வரிசையாக வந்தபோது எதிரணிப் பக்கமிருந்து ஒரு குரல்.

“ஏய், உங்கள் அறை எண் என்ன?”

“காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?”

“படுக்கையை விரித்துவிட்டுப் போங்கடா!”

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. பிரெண்டன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, “விரிக்கத்தான் வந்திருக்கிறோம். வந்து படுங்கள்” என்றார்.

ஆட்டம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. விரிப்பு நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மட்டையோடு மட்டை மோதும் சத்தம் விறகு பிளப்பதுபோலக் கேட்டது. இவருக்கு விதிகள் எதுவும் தெரியாது. ஆனாலும் கோட்டோரம் ஓடி ஓடி, “அடியடா! விடாதை! அங்காலை அடி!” என்று தமிழில் கத்தினார். பிரெண்டன் ஒரு தடவை திரும்பித் தலையாட்டியதைப் பார்த்தேன். என்ன விளங்கியதோ தெரியாது.

இடைவேளையில் பிரெண்டனின் சட்டை அக்குள் முதல் இடுப்பு வரை பிரிந்திருந்தது. நான் ஊசியோடு திடலுக்குள் போனேன். இருநூறு கண்கள் பார்க்க, அவரை நிறுத்தி வைத்தபடியே தைத்தேன்.

“குத்திவிடாதே ராணி.”

“அசையாதே” என்றேன். ஆங்கிலத்தில் ஒருவரை அதட்டியது அதுதான் முதல் தடவை.

கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். ஒரு கோல் போதும். பிரெண்டன் தலைக்கு மேலே வந்த பந்தை அந்தரத்திலேயே அடித்தார். பந்து கம்பத்தில் பட்டது. கம்பம் அதிர்ந்தது. பந்து வெளியே போயிற்று.

தோற்றுவிட்டோம். நான் டோனலைப் பார்க்கப் பயந்து வசந்தாக்காவின் பின்னால் நின்றேன். அவரே தேடி வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“சாக்குச் சட்டையில் பத்தொன்பது புள்ளி. விரிப்புச் சட்டையில் இரண்டு. முன்னேறிவிட்டோம்” என்றார்.

ஊரிலிருந்து ஒரு படம்

நீலச் சட்டைகளைப் பற்றி டோனல் ஊருக்கு ஒன்றும் மறைக்காமல் எழுதினார். கடிதத்தோடு, துவைத்துத் தேய்த்த ஒரு விரிப்புச் சட்டையையும் அனுப்பினார். அந்தச் சட்டைகள் டோனலுடையவை மட்டும் இல்லையே. ஓர் ஊர் முழுவதும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவை. பதில் வரும்வரை, தபால்காரர் வந்தால் இயந்திரத்தின் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

கோடை வந்து வெயில் சுடத் தொடங்கிய பிறகு ஒரு தடித்த உறை வந்தது. டோனல் பிரித்து, ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார்.

பாலிகோரன் கழகத்தின் மண்டபச் சுவர். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய மாவுச் சாக்கு, ஆலையின் பெயரோடு. பக்கத்தில் எங்கள் விரிப்பு, ஹோட்டலின் பெயரோடு. நெஞ்சுக்குக் குறுக்கே என் கிளிப்பச்சைச் சேலை. மாங்காய் வரிசை கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கடிதத்தை டோனல் சத்தமாக வாசித்தார். “வென்ற சட்டைகளை நீங்களே வைத்திருங்கள். நீலமோ சிவப்போ, போட்டு விளையாடுங்கள். தோற்ற சட்டைகள் இரண்டும் இங்கே பத்திரமாக இருக்கின்றன.”

அடியில் வேறு கையெழுத்தில், பெண் கையெழுத்து என்று நினைக்கிறேன், ஒரு வரி இருந்தது. டோனல் அதை வாசிக்காமல் என் பக்கம் தள்ளினார்.

‘எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை நீலம் எவ்வளவு போட்டாள்?’

டோனல் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“நீயே எழுது.”

வசந்தாக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் ஒருதரமும் சொல்லிப் பார்க்காமல் எழுதினேன்.

நாலு கரண்டி.